வீட்டுக்காரரைக் கேட்காமல்

முதலில் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தம்பி. மேசைமேல் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பில் என் பெயர் இருக்கிறது, ஆர்டிஸ் க்வாமே என்று. எங்கள் ஊர் நார்டாலில் எந்தப் பெண்ணும் அடியில் பெயர் ஒட்டாமல் ஒரு பாத்திரத்தை வீட்டைவிட்டு அனுப்ப மாட்டாள். சாவு வீட்டுக்குப் போகும், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும், சர்ச் சாப்பாட்டுக்குப் போகும். எங்கே சுற்றினாலும் கழுவித் துடைத்து உரியவளிடம் வந்து சேர்ந்துவிடும். அவரவர் பொருள் அவரவருக்கு. இது உங்கள் மண்டையில் ஏறிவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகாது.

போலீஸ் வழக்கப்படி வக்கீல் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. உங்களை அரை டவுசர் காலத்திலிருந்து சர்ச் பாடகர் குழுவில் நிற்க வைத்தவள் நான். உங்களுக்குச் சுருதி சேரவே சேராது. ஆனாலும் பின்வரிசையில் இடம் கொடுத்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன். நல்ல பையன், சொன்னபடி கேட்டீர்கள். இப்போது நான் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் அப்பாவின் பண்ணை அணைக்கட்டுக்குப் போனது. பொது நன்மை என்றார்கள். ஈட்டுத்தொகையும் கொடுத்தார்கள், குறை சொல்வதற்கில்லை. அப்பா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நீர் ஏறுவதைப் பார்க்கத் தினமும் மேட்டில் போய் நின்றார். முதலில் மாட்டுத் தொழுவம் போனது, பிறகு வீட்டுக் கூரை. எடுத்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் சாகும்வரை அவருக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை.

அதனால்தான் நகரசபை எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. பெரிய கடை வளாகம் ஒன்று வரப்போகிறது, தெருவின் வடக்கு வரிசை முழுவதும் வேண்டும் என்றார் மேயர் லைல் பெக்கர். என் வீடு தெற்கு வரிசை. என் வீட்டை யாரும் கேட்கவில்லை, திட்டப் படத்தில் என் வீடு இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வடக்கு வரிசையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு விற்றுவிட்டார்கள். மறுத்தவர் ஹால்வர் ஸ்டெனருட் ஒருவர்தான். மனைவியை இழந்தவர், பிள்ளைகுட்டி இல்லை, இடுப்பு வலி. தர முடியாது என்று மேயரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நகரசபை, விற்காவிட்டால் சட்டப்படி பிடுங்கிக்கொள்வோம் என்றது.

அதே வருடம்தான் மூன்றாம் எண் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. தனியாருக்குக் கொடுப்பதற்காக அரசாங்கம் ஒருவர் வீட்டைப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான் அதில் இருந்தது. பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் சட்டம். ஊருக்கு ஊர் கையெழுத்து வாங்கி அதை ஓட்டுச்சீட்டில் ஏற்றிய ஆட்களில் நானும் ஒருத்தி. ஆனால் தம்பி, சட்ட வாசகத்தைப் படித்துவிட்டு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஒரு முகம் வேண்டும். ஹால்வருக்கு நல்ல முகம் இருந்தது. வெள்ளைத் தாடி, நீலக்கண், கொஞ்சம் கலங்கின மாதிரியே இருக்கும். அது கண்நோய், சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். படத்தில் அது தெரியவில்லை.

அவர் முகத்தை விளம்பரத் தட்டியில் அச்சடித்தோம். கீழே 'இது என் வீடு' என்று எழுதினோம். ஒவ்வொரு வாசல் புல்தரையிலும் கம்பி நட்டு நிறுத்தினோம். உங்கள் வாசலில்கூட ஒன்று நின்றது, மறந்திருக்க மாட்டீர்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பக்கத்தில் நான் நின்றேன். கவர்னர் தேர்தலில் நின்றவர் என் கையைக் குலுக்கி, உங்களைப் போன்றவர்கள்தான் இந்த மாநிலத்தின் முதுகெலும்பு என்றார். நான் புகழுக்கு ஆசைப்பட்டவள் இல்லை. அப்போது எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டினேன் என்றால், சுவரில் ஒரு கறை இருந்தது, அதை மறைக்கத்தான்.

ஹால்வருக்கும் இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஊர்ப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். என் முறை புதன்கிழமை, ஹாட்டிஷ். கொத்துக்கறியைக் காளான் சூப்பில் குழைத்து, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி, ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை அடுப்பில் விடுவேன். கரண்டியால் ஓரத்தைச் சுரண்டித் தின்பார். மிச்சமிருந்த தட்டிகளை அவர் தோட்டத்து நிலவறையில் அடுக்கி வைத்திருந்தோம். சூறாவளி வந்தால் ஒளிந்துகொள்ள அவர் அப்பா வெட்டியது. சாய்வான இரும்புக் கதவு, செங்குத்தான படி, தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காற்றுக் குழாய். உங்களுக்குத்தான் இப்போது அந்த இடம் நன்றாகத் தெரியுமே.

தேர்தலுக்கு முந்தைய வாரம் புதன்கிழமை ஹாட்டிஷ் எடுத்துக்கொண்டு போனேன். சமையலறையில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பூப்போட்ட சட்டைகள். அந்த வயதில் அப்படிச் சட்டை வாங்குகிறவர் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"உக்காரு ஆர்டிஸ்," என்றார். "ஒரு நல்ல சேதி. வீட்டைக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"என்ன பேசுறீங்க? மாநிலம் முழுக்க உங்க மூஞ்சி நிக்குது."

"மூஞ்சி நிக்கட்டும்மா. இடுப்புதான் நிக்க மாட்டேங்குது. மாடிப்படி ஏற முடியல, கூரை ஒழுகுது, குளிர்காலம் வந்தா குழாய் வெடிக்குது. எவனாவது வந்து இந்த வீட்டைப் பிடுங்கிட்டுப் போக மாட்டானான்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? இப்பதான் ஒரு புண்ணியவான் வந்திருக்கான்."

அப்படியானால் முதலில் ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டேன். விலை ஏறத்தான் என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அரிசோனாவில் டெலோரஸ் என்று ஒரு அம்மாள் இருக்கிறாளாம். போன குளிர்காலம் அங்கே போயிருந்தபோது நடன அரங்கில் பழக்கமாம். இடுப்பு வலிக்காரருக்கு நடன அரங்கில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே படியில்லாத ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறாளாம், வாசலில் எலுமிச்சை மரம் இருக்கிறதாம். எலுமிச்சை மரம் என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எத்தனை காலம் எனக்கு மிச்சமிருக்கிறதோ, அதை வெயிலில் கழித்துவிட்டுப் போகிறேனே என்றார்.

தேர்தல் முடியும்வரையாவது பொறுங்கள் என்று கெஞ்சினேன். எழுதிக்கொள்ளுங்கள், கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"தேர்தல் முடிஞ்சு உன் தீர்மானம் ஜெயிச்சுட்டா அப்புறம் என் வீட்டை எவன் வாங்குவான்? பிடுங்க முடியாதுன்னு ஆயிட்டா அவன் வேற ஊரைப் பார்த்துப் போயிடுவான். நானே 'இல்லை'ன்னு குத்தலாம்னு இருக்கேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தணிந்து சொன்னார். "இது என் வீடுதானே ஆர்டிஸ்? வெச்சுக்கிறதும் விக்கிறதும் என் இஷ்டம். அதைத்தானே நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற?"

அதில் ஒரு நியாயம் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீடு அப்போது அவர் ஒருவருடைய வீடாகவா இருந்தது? மாநிலத்தின் பாதி வாசல்களில் அது நின்றது. வயலில் பீட்ரூட் அறுப்பவன், லாரி ஓட்டுபவன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் கையெழுத்துப் போட்டவள், இத்தனை பேருடைய வீட்டுக்கும் அது காவல். ஒரு கிழவரின் பூப்போட்ட சட்டைக்காக அதையெல்லாம் விட்டுக்கொடுப்பதா? சில சமயம் பலருடைய நன்மைக்காக ஒருவருடையதைக் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு நியாயமான ஈடும் கொடுக்கலாம். நானும் கொடுத்தேன், தினமும் சுடச்சுடக் கொடுத்தேன்.

சரி, உங்கள் இஷ்டம், நிலவறையில் இருக்கும் மிச்சத் தட்டிகளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், வேறு தெருவில் நட்டுக்கொள்கிறேன் என்றேன். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். மறுக்காமல் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டே இறங்கினார். எத்தனை கட்டு வேண்டும் என்று கீழேயிருந்து கேட்டார். எல்லாம் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் வளையத்தில் இரும்புக் கம்பியைச் செருகினேன்.

கடத்தல் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கடத்துவதென்றால் ஒருவரை அவர் இடத்தைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். ஹால்வர் ஒரு அடிகூட வெளியே போகவில்லை. அவர் வீடு, அவர் நிலம், அவர் அப்பா வெட்டிய நிலவறை. சுற்றிலும் அடுக்கடுக்காக அவர் முகம், 'இது என் வீடு' என்று எழுதி.

நகரசபைக்கு நானே போன் செய்தேன். ஹால்வர் மனம் மாறிவிட்டார், வெள்ளிக்கிழமை வர மாட்டார், நெருக்கடி தாங்காமல் எங்கோ ஒதுங்கியிருக்கிறார் என்றேன். அவருக்குக் கம்பளி கொடுத்தேன், வாளி கொடுத்தேன், ரேடியோ கொடுத்தேன். குளிர் அதிகமானதும் என் வீட்டு மண்ணெண்ணெய் ஹீட்டரையே கொண்டுபோய்க் கயிற்றில் கட்டி இறக்கினேன். கதவு திறந்த நேரத்தில் அவர் படியில் பாதிதூரம் ஏறி வந்துவிட்டார், ஆனால் இடுப்பு விடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்த ஹீட்டரிலும் என் பெயர் ஒட்டியிருக்கிறது, அதையும் பாத்திரத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

தினமும் காற்றுக் குழாய் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவரோடு பேசுவேன். முதல் நாள் திட்டினார். ஒரு லூத்தரன் சர்ச்சுக்காரர் வாயில் வரக்கூடாத வார்த்தைகள், அதை எழுத வேண்டாம். மறுநாள் பேரம் பேசினார். விற்கமாட்டேன், நீ சொல்கிற இடத்தில் நின்று நீ சொல்வதைப் பேசுகிறேன் என்றார். விலை ஏறுவதற்காகக் கொள்கை பேசிய மனுஷன் சொல்வதை நான் எப்படி நம்புவது? சனிக்கிழமை அவர் குரல் சின்னதாகிவிட்டது.

"ஆர்டிஸ், டெலோரஸுக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லும்மா. நான் வருவேன்னு உக்காந்திருப்பா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன், தம்பி. ஹால்வர் வரவில்லை, மனம் மாறிவிட்டார், உங்களிடம் சொல்லச் சங்கடப்பட்டு என்னைச் சொல்லச் சொன்னார் என்றேன். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹால்வர் வீட்டுத் தோட்டத்தில் கூட்டுப் பிரார்த்தனை. அது ஏற்கெனவே ஏற்பாடு செய்தது, மாற்ற முடியாது. எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். கையில் மெழுகுவத்தி, தெருவெல்லாம் கார், தொலைக்காட்சி வண்டி. நீங்களும் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நின்றீர்கள். பேசுவதற்கு மேடை இல்லை. தோட்டத்தில் உயரமான இடம் ஒன்றுதான் இருந்தது. நிலவறைக் கதவின் மேல் ஏறி நின்றேன்.

கூட்டம் வருவதற்கு முன்பே குழாய் வழியாகச் சொல்லிவிட்டேன், ஒரு மணி நேரம் அமைதியாக இருங்கள், உங்களுக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று. அவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார். கத்த ஆரம்பித்துவிட்டார். குழாய் வழியாக அது நன்றாகவே கேட்டது. வேறு வழியில்லாமல் என் பாடகர் குழு அங்கியைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து அடைத்தேன். நல்ல கனமான துணி. குரல் நின்றுவிட்டது. ஹீட்டர் கீழே எரிந்துகொண்டிருந்தது, அதன் புகை போக அந்தக் குழாயைவிட்டால் வேறு வழியில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். காலையில் நான்தானே அதற்கு எண்ணெய் இறக்கினேன்.

ஹால்வரால் இன்று நம்மோடு நிற்க முடியவில்லை என்று பேச்சைத் தொடங்கினேன். அவரை இருட்டில் தள்ளிவிட்டார்கள், அவர் வாயை அடைத்துவிட்டார்கள் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பெண்கள் அழுதார்கள். அப்போதுதான் என் காலுக்குக் கீழே கதவு அதிர ஆரம்பித்தது. எதனாலோ அடிக்கிறார், என் பாத்திரத்தாலோ என்னவோ. செருப்பு வழியாக உள்ளங்காலில் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். உடனே ஞானப்பாட்டை எடுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு, நாலு குரலிலும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டம் அன்று பாடியதுபோல் என் குழு எந்தக் கிறிஸ்துமஸுக்கும் பாடியதில்லை. நீங்கள்கூட வேலியோரம் பாடினீர்கள், அன்று உங்களை வாயை மட்டும் அசைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பாட்டில் அடி மெதுவானது. மூன்றாம் பாட்டில் நின்றுவிட்டது. பாட்டைக் கேட்டு அவருக்கும் மனம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஹாட்டிஷ் எடுத்துக்கொண்டு போனேன். குழாயில் அடைத்த அங்கியை எடுக்கக் கை வைத்தேன். காற்று கடுமையாக வீசியது, உள்ளே குளிர் இறங்குமே என்று விட்டுவிட்டேன். கதவில் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கோபக்காரர் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஹாட்டிஷை இறக்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் நானே சாப்பிட்டேன் என்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆம், தெரியும். ஹால்வர் செத்துவிட்டார் என்று திங்கட்கிழமை காலையே எனக்குத் தெரியும், நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் தடுக்க மாட்டேன். ஆனால் ஹீட்டரை அவர் அணைத்திருக்கலாம். அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஜெயித்தோம். சாதாரண ஜெயிப்பா? சொந்த ஊரிலேயே மேயருக்கு ஆளில்லாமல் போனது. ஹால்வரைத் துரத்தியடித்தவர் என்று கடைக்குப் போனால்கூட யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் கடை வளாகத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஹால்வர் அரிசோனாவில் யாரோ ஒருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார் என்று நான் சொன்னதும் ஊருக்கு ஒரே சிரிப்பு, ஒரே சந்தோஷம். பனிக்காலம் முழுவதும் அவர் வாசல் பனியை நான்தான் வாரினேன், ஜன்னலைத் துடைத்தேன், குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டை அவரே அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

நடுவில் நீங்கள் ஒருமுறை வந்தீர்கள், டெலோரஸ் உங்களுக்குப் போன் செய்தாள் என்று. தோட்டத்தைச் சும்மா ஒரு பார்வை பார்க்கலாமா என்று கேட்டீர்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை, அவர் அனுமதியில்லாமல் அரசாங்கத்து ஆள் ஒருவரும் இங்கே கால் வைக்க முடியாது, இதற்காகத்தானே எல்லோரும் ஓட்டுப் போட்டோம் என்றேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனீர்கள். அன்று உங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு பனி உருகியதும் அந்த அம்மாள் நேரிலேயே வந்து நின்றுவிட்டாள், கையில் எலுமிச்சம்பழப் பையோடு, ஹால்வர் எங்கே என்று கேட்டுக்கொண்டு. அதன்பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு என்ன தண்டனை கொடுப்பீர்களோ கொடுங்கள். செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் எனக்கு ஒரு புகார் இருக்கிறது, அதையும் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேற்றுக் காலை கடப்பாரையோடு வந்து ஆறு பேர் அந்த நிலவறைக் கதவைப் பெயர்த்துப் போட்டீர்கள். புல்தரையெல்லாம் பூட்ஸ் தடம். நல்ல கதவு, அவர் அப்பா காலத்துக் கதவு.

அடுத்தவர் வீட்டில் கை வைக்கும் முன்னால், வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?